வண்டியை விட்டு இறங்காத மாஸ்டர்

மாஸ்டருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைப் புழங்கியவர்கள் வங்கிக்காரர்களும் மின்சார அலுவலகத்துக்காரர்களும் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கடைத்தெருவில் தையல்கடைக்கு மேலே ஓர் அறை, சுவரில் சாலைச் சின்னங்கள் வரைந்த பெரிய அட்டை, இரண்டு பெஞ்சு, கீழே தெருவோரமாகக் கூரையில் மஞ்சள் பலகை வைத்த ஒரு வெள்ளைக் கார். ஸ்கூல் என்றால் அவ்வளவுதான். காரில் ஓட்டுகிறவர் காலுக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிறவர் காலுக்கு இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்துக்கொண்டே மாஸ்டர் தன் ஆயுளில் பாதியைக் கழித்திருந்தார்.

அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் முதல் நாள் ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிப்பார்கள். "மாஸ்டர், விட்றாதீங்க மாஸ்டர்" என்று கெஞ்சுவார்கள். கிளட்ச் எது, பிரேக் எது என்று கால் தடுமாறும். வியர்த்துக் கொட்டும். வீட்டுக் கஷ்டம், மாமியார் கொடுமை, ஆபீஸ் சண்டை எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டே அவரிடம் கொட்டுவார்கள். லைசென்ஸ் கையில் கிடைத்த மறுநாள் அவர்களுக்கு மாஸ்டர் யாரோ, எவரோ.

"நல்லா சொல்லிக் குடுத்தா அவன் திரும்பி வரமாட்டான். திரும்பி வந்தா நான் சரியா சொல்லிக் குடுக்கலன்னு அர்த்தம்" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்வார். சொல்லிவிட்டு டீயை ஒரு வாய் கூடுதலாக ஊதுவார். அந்தப் பெருமைக்குள் ஒரு முள் இருந்தது. இத்தனை பேரை ரோட்டில் இறக்கி விட்டிருக்கிறோமே, ஒருத்தராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை "மாஸ்டர், சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று படியேறி வரக்கூடாதா என்று அவருக்கு ஏக்கமாகவே இருந்தது.

அவர் மனைவியை எல்லோரும் மாஸ்டரம்மா என்பார்கள். பெண்களுக்குக் காலை நேர வகுப்பு அவள்தான் எடுப்பாள். சனிக்கிழமையானால் வகுப்பு கிடையாது. புருஷன் ஓட்ட, பக்கத்தில் அவள். அந்த நாளில் இரண்டாவது பிரேக் அவள் ஆட்சியில். அவர்கள் வீட்டுச் சண்டை வாயால் நடப்பது குறைவு, காலால் நடப்பதே அதிகம். அவர் அவளுடைய அண்ணனைப் பற்றி ஏதாவது குத்தலாகச் சொன்னால் வண்டி லேசாக ஒரு குலுங்கு குலுங்கும். மாஸ்டர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரே மகன் கப்பல் வேலைக்குப் போனபிறகு மாடியறை காலியாகக் கிடந்தது. ஊர்க் கல்லூரியில் வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளை முதல் பருவத்தில் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கவைப்பார்கள். பருவம் முடிந்தபின் பிடித்திருந்தால் அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் விடுதிக்கு மாறிக்கொள்ளலாம். இதைக் கேள்விப்பட்டதும் மாஸ்டர் வேட்டி கட்டிக்கொண்டு நேரே கல்லூரிக்குப் போய்ப் பெயரைப் பதிவு செய்துவிட்டு வந்தார். வீட்டுக்கு ஒரு பிள்ளை வருகிறது, அதற்கு ஊரைச் சுற்றிக் காட்டலாம் என்று தலைகால் புரியவில்லை.

முதலில் வந்த பையன் பருவம் முடிந்ததும் "ஃபேன் சத்தம் தூங்கவிடலை" என்று சொல்லி விடுதிக்குப் போனான். மாஸ்டர் ஃபேனை மாற்றினார். இரண்டாவது பையன் "காலேஜ் தூரமா இருக்கு" என்று சொல்லிப் போனான். தூரத்தை மாற்ற முடியாததால் மாஸ்டர் அவனை வெறுமனே மன்னித்தார். இரண்டு பேருக்கும் ஒரு சனிக்கிழமை விடாமல் ஊர் சுற்றிக் காட்டியிருந்தாரே, அப்புறமும் ஏன் போனார்கள் என்பது அவர் மண்டைக்குள் ஏறவில்லை. மாஸ்டரம்மாவுக்குக் காரணம் தெரியும். அவள் சொல்லவில்லை.

மூன்றாவதாக வந்தவள் ஒரு பெண். பாறைகளைப் பற்றிப் படிக்க வந்தவள். துணிப்பெட்டியைவிடக் கனமான இன்னொரு பெட்டியில் சுத்தியல், பூதக்கண்ணாடி, காகிதத்தில் சுற்றிய கற்கள். அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகையில் மாஸ்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "என்னம்மா, உங்க ஊர்ல கல்லு இருக்கற மாதிரி எங்க ஊர்ல இருக்காதுன்னு நெனச்சியா?" என்று கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றே அவளுக்குப் பாறைப் பெண் என்று பெயர் விழுந்தது. ஊர்ப் பேச்சு அவளுக்கு நன்றாகவே வந்தது. கோபம் வந்தால் மட்டும் சொந்த பாஷைக்குத் தாவிவிடுவாள். ஒரு வாரத்துக்குள் அவரை மாமா என்றும் மாஸ்டரம்மாவை அத்தை என்றும் கூப்பிட ஆரம்பித்து, அடுக்களையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பதுவரை தெரிந்துகொண்டாள். குளியலறையில் சத்தமாகப் பாடினாள். மாஸ்டருக்கு வீடு நிறைந்ததுபோல் இருந்தது. இந்தப் பிள்ளை போய்விடக்கூடாது என்று அவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

முதல் சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். மலைப்பாதை. ஓட்டிக்கொண்டே மாஸ்டர் விளக்கினார். "இப்ப வரப்போறது பாரு, வளைவுக்குள்ளயே ஒரு ஏத்தம். இதுல ரெண்டாவது கியர்ல உள்ள போயி, சத்தமே இல்லாம வெளிய வரணும். கவனி."

பின்சீட்டில் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்த பாறைப் பெண் அந்த வளைவில் கத்திவிட்டாள். "ஐயோ மாமா! என்னா அழகு!"

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. அவள் பார்த்தது ரோட்டுக்காக மலையை வெட்டிய இடத்தில், சுவர்போல் நின்ற பாறையில் வரிவரியாக மடிந்து கிடந்த அடுக்குகளை. அவர் நினைத்தது தன்னுடைய இரண்டாவது கியரை. அடுத்த வளைவிலும் கத்தினாள். அதற்கடுத்த வளைவில் கையைத் தட்டினாள். இத்தனை வருஷத்தில் கியர் மாற்றியதற்குக் கைதட்டல் வாங்கிய முதல் ஆள் நாம்தான் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. பக்கத்தில் மாஸ்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மலையுச்சிக்கு வந்தாயிற்று. காட்சிமுனைக்குப் போகும் வாசல் தெரிந்தது. மாஸ்டர் வண்டி நிறுத்துமிடத்துக்குள் நுழைந்தார், ஒடித்தார், ஒரு ரிவர்ஸ், மறுபடி ஒடித்தார். வேன்கள் நெருக்கிக்கொண்டு நின்ற அந்த இடத்தில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வண்டியைத் திருப்பி, வந்த வழியே இறங்க ஆரம்பித்தார்.

"மாமா, எறங்கலையா?"

"எதுக்கு?" என்றார் மாஸ்டர். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

பயணம் என்றால் அவருக்கு ரோடு. ஊர் என்பது ரோடு முடிகிற இடம். முடிகிற இடத்தில் என்ன இருக்கிறது? திரும்பவேண்டும், அவ்வளவுதான். அப்படித்தான் அவர் கல்யாணமான நாளிலிருந்து ஏரி, அணைக்கட்டு, அருவி, கோட்டை என்று சுற்றுவட்டாரத்தில் ஓர் இடம் பாக்கியில்லாமல் போய்த் திரும்பியிருந்தார். சாப்பாடுகூட ஏதாவது மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே. அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஏரி. ஏரியின் மூன்று பக்கம் சுற்றி வரும் சாலையில் அவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "டம்ளர்ல தண்ணி வெச்சிருந்தாலும் தளும்பியிருக்காது" என்றார். பாறைப் பெண் "சூப்பர் மாமா" என்றாள். குரலில் போன வாரத்துச் சுருதி இல்லை. அதற்கடுத்த வாரம் கோட்டை. கோட்டை வாசலில் திரும்பினார்கள். அவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூக்கம் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். பாவம், படிக்கிற பிள்ளை. இப்படியே சனிக்கிழமைகள் ஓடின.

பருவம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மாஸ்டர் கொல்லைப்பக்கம் வண்டிப் பாய்களை உதறிக்கொண்டிருந்தார். அடுக்களை ஜன்னல் திறந்திருந்தது.

"அத்தை, ஹாஸ்டல்ல ரூம் காலியா இருக்காம். இந்த வாரம் சொல்லணுமாம்."

"இங்க என்னடா கண்ணு குறை?"

"ஒரு குறையும் இல்ல அத்தை. உங்க ரெண்டு பேரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா சனிக்கிழமைதானே நான் வெளிய போய்ப் பாக்க முடியும்? இத்தனை ஊருக்குப் போயிட்டேன். ஒரு ஊர்லயும் என் கால் படல. பாறையை எல்லாம் கண்ணாடிக்குள்ள இருந்தே பாத்துட்டு வரேன். ஹாஸ்டல் பொண்ணுங்க நடந்தே மலை ஏறுறாங்க. மாமாகிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவாரு."

பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாஸ்டரம்மா சொன்னாள்: "எனக்கும்தான் படல. கல்யாணம் ஆன புதுசுல அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. புதுப் புடவை கட்டிக்கிட்டுப் போனேன். அருவிச் சத்தம் கேட்டுச்சு. திருப்பிட்டாரு."

"நீங்க சொல்லலையா அத்தை?"

"சொல்லலாம்னு திரும்பிப் பாத்தேன். ஓட்டுறப்ப அந்த மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க வாய் வரல. அப்புறம் அப்படியே பழகிப்போச்சு."

மாஸ்டர் கையிலிருந்த பாய் அப்படியே நின்றது. அந்தப் பையன்கள் போனதற்குக் காரணம் ஃபேன் இல்லை, தூரமும் இல்லை என்பது அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்தது. அதைவிட அந்தப் புதுப் புடவைதான் அவர் நெஞ்சில் போய்க் குத்தியது. அது என்ன நிறம் என்றுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. அன்றிரவு சாப்பாட்டில் உப்பில்லை என்று அவர் குறை சொல்லவில்லை, உண்மையில் உப்பில்லைதான்.

சனிக்கிழமை வந்தது. "அருவிக்குப் போறோம்" என்றார். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாத்துத்துணி எடுத்துக்குங்க" என்றார். மாஸ்டரம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் வழக்கம்போல் உள்ளே நுழைந்து ஒடித்தார். மாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் ரிவர்ஸ் எடுத்த வண்டி இரண்டு வேன்களுக்கு நடுவில் போய்ப் பொருந்தி நின்றது. ஹாண்ட் பிரேக் இழுக்கும் சத்தம் கேட்டது. இஞ்சின் அடங்கியது.

"எறங்குங்க" என்றார் மாஸ்டர். அவர் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது.

பாறைப் பெண் கதவைத் திறந்து குதித்து, சுத்தியலோடு அருவிப் பாதையில் ஓடியேவிட்டாள். மாஸ்டரம்மா இறங்கினாள், நின்றாள், புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். "நீங்க?" என்றாள்.

இங்கேதான் சிக்கல். இறங்கிய பிறகு என்ன செய்யவேண்டும் என்பது மாஸ்டருக்குத் தெரியவில்லை. வண்டியைப் பூட்டினார். பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தார். சாவியை எந்தப் பையில் போடுவது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். நடக்கும்போது யாராவது குறுக்கே வந்தால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"மனுஷங்களுக்கு பிரேக் போடாதீங்க. விலகிப் போங்க" என்று மாஸ்டரம்மா சிரித்தாள்.

பாதை திரும்பியதும் அருவி தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு உயரத்தில். சாரல் முகத்தில் அடித்தது. மாஸ்டரம்மா "அம்மாடி!" என்று கூவிவிட்டாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைபோல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, பெண்கள் கூட்டத்தோடு கூட்டமாகத் தலையை நீட்டி, நனைந்து, மூச்சுத் திணறி, வெளியே வந்து, மறுபடி உள்ளே ஓடினாள். மாஸ்டர் கரையில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார். இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா? பக்கத்து சீட்டில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவள் இவள்தானா? அவர் சந்தோஷப்பட்டார், அதே சமயம் அவருக்கு அழுகையும் வந்தது. சாரல் அடித்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"மாமா, இங்க வாங்க! கைய வைங்க!" பாறைப் பெண் ஒரு பாறைச் சுவரின் முன்னால் நின்று கத்தினாள். அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். "இந்த வரி இருக்கு பாருங்க, இது ஒரு காலத்துல சேறு. தண்ணிக்கு அடில படுத்துக் கெடந்துச்சு. அப்புறம் யாரோ பாயை மடிக்கிற மாதிரி மடிச்சிருக்காங்க. மலைப்பாதைல வளைவுக்கு வளைவு இதுதான் மாமா! இதைப் பாத்துதான் நான் கைதட்டினேன்."

மாஸ்டர் கையை எடுக்காமல் அவளைப் பார்த்தார். "அப்ப ரெண்டாவது கியருக்கு இல்லையா?"

"எந்தக் கியர்?" என்றாள் அவள்.

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். நனைந்துகொண்டே வந்த மாஸ்டரம்மாவும் சேர்ந்து சிரித்ததில் அங்கே நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் ஒரு குரல் வந்தது.

"மாஸ்டர்! மாஸ்டர்தானே?"

கையில் ஒரு குழந்தை, பின்னால் மாமனார் மாமியார் சகிதம் ஒரு பெண் வந்து நின்றாள். மூன்று தடவை டெஸ்டில் தோற்று நாலாவது தடவை தேறியவள். அவள் அழுத அழுகைக்கு மாஸ்டர் ஸ்கூலில் ஒரு துண்டே தனியாக வைத்திருந்தார்.

"நான்தான் இப்ப வீட்டுக்கே டிரைவர், மாஸ்டர். இவங்கள எல்லாம் மாசாமாசம் இங்க கூட்டிட்டு வந்துருவேன். உங்க வண்டியைப் பாத்துட்டேதான் இருக்கேன். உள்ள வருவீங்க, திருப்புவீங்க, போய்டுவீங்க. நானும் ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து கைய ஆட்டுவேன். நீங்க கண்ணாடியைப் பாத்துட்டே போய்டுவீங்க. கோவமோ என்னமோன்னு நெனச்சேன்."

"ரிவர்ஸ்ல கவனம் வண்டி மேலதாம்மா இருக்கும்" என்றார் மாஸ்டர். அவளுடைய மாமியார், "உங்க புண்ணியத்துலதான் நாங்க வெளிய தலைகாட்டுறோம்" என்று கும்பிட்டாள். குழந்தை அவர் சாவியைப் பிடுங்கியது. கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது வண்டிக்குள் ஈரத்துணி வாசனை. மாஸ்டரம்மா முடியை உலர்த்திக்கொண்டே விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். அடிவாரம் வந்ததும் பாறைப் பெண் முன்னால் சாய்ந்தாள்.

"மாமா, நான் வியாழக்கிழமையே ஹாஸ்டல்ல சரின்னு சொல்லிட்டேன். நீங்க இன்னிக்கு எறங்குவீங்கன்னு எனக்குத் தெரியாது. இனிமே மாத்த முடியாது. கூடத் தங்கறதுக்கு ரெண்டு பொண்ணுங்களும் சரின்னுட்டாங்க."

வண்டி குலுங்கவில்லை. மாஸ்டரம்மாவின் கால் அசையாமல் இருந்தது. இரண்டு நாள் முன்னால் இறங்கியிருக்கக்கூடாதா என்று மாஸ்டர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

"நல்லதுதான்மா. படிக்கிற பொண்ணு. காலேஜ் பக்கத்துல இருக்கணும்" என்றார்.

பருவம் முடிந்த மறுநாள் கற்பெட்டியை அவரே வண்டியில் ஏற்றினார். அவரே விடுதி மாடிவரை தூக்கிப் போய் வைத்தார். இந்தத் தடவை இடுப்பு பிடித்துக்கொண்டது அவருக்கு உறைக்கவேயில்லை. மாடியறையில் படுக்கையை உதறி மடிக்கும்போது மாஸ்டரம்மா மூக்கை உறிஞ்சினாள். அவர் கண்டும் காணாதவர்போல் ஸ்கூலுக்குப் போய், கியரைத் தப்பாகப் போட்ட ஓர் அப்பாவியைப் பிடித்துக் கடித்துக் குதறினார். போனவர்கள் போனவர்கள்தான் என்று அவர் மனம் அடித்துச் சொன்னது.

சனிக்கிழமை காலையில் பழக்கதோஷத்தில் எழுந்து வண்டியைக் கழுவினார். எங்கே போவது என்று அவருக்கே தெரியவில்லை. "ரெண்டு பேரும் அந்தக் கோட்டைக்குப் போய் எறங்கிட்டு வருவோமா?" என்று மாஸ்டரம்மா கேட்டாள். சரி என்றார். சுரத்தில்லாத சரி.

கேட் கிறீச்சிட்டது. சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைப் பெண் நின்றாள். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், கையில் தண்ணீர் பாட்டிலோடு, யார் வீட்டுக்கோ வந்துவிட்ட கூச்சத்தோடு.

"மாமா, கெளம்பிட்டீங்களா? நல்லவேளை! ஓடி வந்தோம். இவங்க என் ரூம் பொண்ணுங்க. சும்மா பாத்துட்டு, அப்படியே கோட்டைக்கும் போலாம்னு வந்தோம். கோட்டைக்கு அடில என்ன பாறைன்னு நான் பாத்தே ஆகணும். அத்தை, எனக்குப் பசிக்குது!"

அவள் பாட்டுக்கு உள்ளே போய் அடுக்களையில் டப்பாவைத் திறந்தாள். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது. மாஸ்டர் ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். போன பிள்ளை படியேறி வந்திருக்கிறது. அதுவும் தனியாக வரவில்லை. துணியை உதறிவிட்டு, வகுப்பெடுக்கும் குரலை எடுத்துக்கொண்டார்.

"மலைப்பாதை. யாருக்கு வாந்தி வரும்? அவங்களுக்கு ஜன்னலோரம்."

மூன்று பேரும் கையைத் தூக்கினார்கள். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு திரும்பி வந்த பாறைப் பெண்ணின் கைதான் எல்லாவற்றிலும் உயரத்தில் இருந்தது. அவளுக்கு ஒரு நாளும் வாந்தி வந்ததில்லை என்பது மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும்.

"அது எங்க வீட்டுப் பொண்ணு. அதுக்கு ஒரு ஜன்னல் போயிடுச்சு" என்றார் அவர். "மிச்சம் இருக்கறதுக்கு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குங்க."